காஞ்சிபுரத்து ஃபுல் பெஞ்சும் ‘சக்தி’ இசைத்தட்டும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் சாலையில் இன்று பிரயாணம் செய்பவர் கண்ணில் முதலில் படுவன, இருமருங்கிலும் மதில் எழுப்பிய மோட்டார் தொழிற்சாலைகளும், கண்டெய்னர் லாரிகளும், ஷிஃப்டு மாறும் வேளையில் வரிசையாக வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்துகளுமே. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டதும், அதன்பின் டைம்லர் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அப்பகுதியிலேயே உருவாகலானதும் அண்மைக்காலச் சரித்திரம். அதைப் பலர் எழுதிவிட்டனர். யந்திரங்களின் ஓசையை மிருதங்கத்தின் நாதத்தோடு ஒப்பிட்டு வர்ணிக்கும் ஆசையும் எனக்கில்லை. யந்திரம் வைத்த காலத்தை வைத்தபடியே தட்டுமேயன்றி, காலத்தோடு வழக்காடி, பின்வாங்கி, முந்திச் சென்று, ஈற்றில் சமத்தில் வந்து சமாதானமடைய அதற்குத் தெரியாது. அந்த வழக்காடலைத்தான் நம்மவர் கணக்கு என்றார்கள். இந்தச் சாலையின் சுற்றுவட்டாரத்தில் அது வளர்ந்த விதத்தையும், 1975-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அரங்கத்தில் பதிவான ஓர் இசைத்தட்டின்வழி அது உலகின் செவிக்கு எட்டிய விதத்தையும் சொல்வதே என் நோக்கம்.

ஒரகடத்துக்கு அருகே வல்லக்கோட்டை என்றோர் ஊர் உள்ளது. அங்கே ஏறத்தாழ ஏழடி உயரத்தில் நின்ற திருக்கோலத்தோடு விளங்கும் முருகப்பெருமானைப் பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். திருப்புகழில் அவ்வூருக்குப் பெயர் கோடைநகர். திருப்புகழைப் பக்திநூலாக ஓதுவோர் ஓதட்டும். லயம் பயின்றவர்களுக்கோ அது வற்றாத தாளப் பொக்கிஷம். குறிலும் நெடிலும், வல்லொற்றும் மெல்லொற்றும் எந்த வரிசையில் முதலடியில் வகுக்கப்பட்டனவோ அந்த வரிசை இறுதியடி வரையில் இம்மியும் பிசகாமல் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பது அப்பாடல்களின் நியதியாதலால், ஐந்தும் ஏழும் ஒன்பதும் கலந்து வரும் விசித்திரமான எண்ணிக்கைகளெல்லாம் சொற்களிலேயே உறைந்து கிடக்கின்றன. பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் சந்தக் குழிப்பை அச்சிடும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. அப்பாடல்கள் அச்சேறியதும் ஒரு வழக்கின் பயனே. 1871-ல் சிதம்பரம் தீட்சிதர்களின் வழக்கொன்றில் திருப்புகழ் மேற்கோளாக எடுத்துக்காட்டப்பட்டதைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராக ஏடுகளைத் தேடிச் சேர்த்து, 1894-ல் முதற்பாகத்தையும் 1901-ல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டார். அவர் நீதித்துறையில் உத்தியோகம் பார்த்தவர். அந்த உத்தியோகத்துக்கு நம் சங்கீதம் பட்ட கடனை இதுவரை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

அச்சான அந்தச் சந்தங்களைக் கச்சேரி மேடையில் ஏற்றிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்த அவர், வாழ்ந்த நாற்பத்தைந்து வயதுக்குள் தென்னாட்டு லயத்துக்கு ஒரு புதிய நெஞ்சுறுதியை ஊட்டிச் சென்றார். அவருடைய தாயாரின் சகோதரியே புகழ்பெற்ற தனக்கோடி அம்மாள். சங்கீதம் வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தும், இளமையில் அவருக்கு மல்யுத்தத்திலேயே அதிக நாட்டம் இருந்ததென்பர். மேடையில் அவர் பாடிய முறையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் முற்றிலும் விட்டுப்போகவில்லை என்றே தோன்றும். ஒரு மிருதங்கத்தோடு அவர் திருப்தியடைவதில்லை. பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியக்காரர்கள் புடைசூழ நடுவில் அமர்ந்து, அபூர்வ தாளங்களில் திருப்புகழையும் பல்லவியையும் எடுத்து, அத்தனை பேரையும் ஏககாலத்தில் எதிர்கொள்வார். ஹைகோர்ட்டின் முழு அமர்வை நினைத்து ஜனங்கள் இதற்கு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று பெயர் சூட்டினார்கள். காஞ்சிபுரத்தில் 1919-ல் பிறந்து, சிறுமியாக அவருடைய கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாள், பெண்கள் பல்லவி பாடுவதற்கில்லை என்றிருந்த எழுதாச் சட்டத்தை மாற்றினார் என்றால், அந்தத் துணிவின் ஒரு பகுதிக்கு நாயனாப் பிள்ளையின் மேடையும் காரணமென்று நான் கருதுகிறேன்.

இந்த முறைக்கு எதிர்ப்பு இல்லாமல் இருந்திருக்க முடியாது. ராகத்தின் மென்மையை நாடிவந்தவருக்கு ஐந்தாறு தாளவாத்தியங்களின் ஆரவாரம் ரசிக்குமா? ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த உடையவரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார், இரண்டரை மூன்று மணி நேரத்துக்குள் வர்ணம் முதல் மங்களம் வரை பல உருப்படிகளை மிதமான அளவில் அடுக்கித் தரும் ஒரு பத்ததியை நிலைநாட்டினார். சபாக்களுக்கும் ரேடியோவுக்கும் அது பொருத்தமாக அமைந்தது. நாயனாப் பிள்ளைக்குப் பிறகு ஃபுல் பெஞ்ச் மெல்ல மெல்லக் கலைந்தது. வாத்தியங்களுள் கஞ்சிராவும் கடமும் தப்பித்தன. மோர்சிங் அவ்வப்போது எட்டிப் பார்த்தது. கொன்னக்கோல் ஏறத்தாழ மேடையை விட்டே இறங்கிவிட்டது. அரியக்குடியின் பத்ததியால் நம் சங்கீதத்துக்கு நேர்ந்த நன்மைகள் பல. இது ஒரு நஷ்டம்.

கொன்னக்கோல் என்பது மிருதங்கத்தின் சொற்கட்டுகளை வாயால் உச்சரித்தே தாள விந்நியாசம் செய்வது. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி என்று எண்களையே ஒலிகளாக மாற்றிவிட்டபடியால், கூட்டலும் பெருக்கலும் நாவின் வேலையாகி விடுகின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆதி தாளத்தில் 8 அட்சரம். அட்சரத்துக்கு 4 மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. அதற்குள் ஐந்தைப் புகுத்த வேண்டும். 32-ஐ ஐந்தால் வகுத்தால் மீதி நிற்கும். வித்வான் என்ன செய்கிறார்? இரண்டு தகதகிட சேர்ந்த பத்து மாத்திரைச் சொற்கட்டை மும்முறை சொல்லி, இடையிடையே ஒவ்வொரு மாத்திரையாக இருமுறை கார்வை விடுகிறார். முப்பதும் இரண்டும் முப்பத்திரண்டு. சமம் கைக்கு வந்து சேர்ந்தது. இது மாணவர்க்குரிய பாலபாடம். பெரியவர்கள் இதையே மூன்று காலங்களில், நடை மாற்றி, எடுப்பு அரையிடம் முக்காலிடம் தள்ளிய பல்லவியில் செய்யும்போது, சபையில் பாதிப்பேர் தாளத்தைக் கோட்டைவிட்டு அக்கம்பக்கத்தாரின் தொடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனிக் கடல் கடப்போம். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் ப்ரோக்ரெஸிவ் ராக் என்றொரு சங்கீதக் கிளை தோன்றியது. மூன்று நிமிஷப் பாட்டும், காலால் எளிதில் தட்டக்கூடிய நான்கெண்ணிக்கையும் அலுத்துப்போன இளைஞர்கள், நீண்ட இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் தருவதைக் கண்டு, அந்த இடம் முழுவதையும் ஒரே உருப்படியால் நிரப்பத் துணிந்தார்கள். 1969-ல் கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. 1972-ல் யெஸ் குழுவினர் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள். 1973-ல் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் பிரசித்தமான ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தட்டில் பணத்தைப் பற்றிய பாட்டு ஏழெண்ணிக்கையில் அமைந்தது. மிருதங்கம் கற்கும் நம் ஊர்ப் பையன் அதைக் கேட்டவுடன் மிச்ரம் என்று சொல்லிவிடுவான். ஆனால் நுட்பமான பேதம் ஒன்று உண்டு. அவர்கள் தாளத்தையே ஏழாகவோ ஐந்தாகவோ மாற்றினார்கள். பிறகு அந்த ஏழிலேயே வசித்தார்கள். நம்மவர் எட்டைக் கையில் விடாமல் போட்டுக்கொண்டே, அதற்குள் ஐந்தையும் ஏழையும் வரவழைத்து, அவற்றை எட்டோடு மோதவிட்டுச் சமரசம் செய்வார்கள். முன்னது புதிய வீடு. பின்னது அதே வீட்டில் நடக்கும் விவாதம்.

இந்தப் பேதத்தை உணர்ந்த மேலைநாட்டாருள் தலையானவர், 1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த டான்காஸ்டரில் பிறந்த கித்தார் வித்வான் ஜான் மெக்லாஃப்ளின். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு சேர்ந்து வாசித்துப் பெயர்பெற்ற அவர், வங்காளத்துத் துறவி ஸ்ரீ சின்மாயைக் குருவாக ஏற்று, அவரிடம் ‘மகாவிஷ்ணு’ என்ற தீட்சாநாமம் பெற்று, அப்பெயராலேயே 1971-ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை அமைத்தார். டிரம்ஸில் பில்லி காபம், கீபோர்டில் யான் ஹாமர், பிடிலில் ஜெர்ரி குட்மன், பாஸ் கித்தாரில் ரிக் லெயர்டு. ஐவரும் வெவ்வேறு தேசத்தில் பிறந்தவர்கள். 1973-ல் வெளிவந்த அவர்களது இரண்டாவது இசைத்தட்டான ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ பதினெட்டெண்ணிக்கையில் தொடங்குகிறது. காது செவிடுபடும் உரத்த சங்கீதம் அது, வேகம் அசாத்தியம். நாயனாப் பிள்ளையின் மேடையைக் குறித்து இங்கே எழக்கூடிய அதே ஆட்சேபம்தான் இந்தக் குழுவுக்கும் எழுந்தது: வித்தை மிகுதி, விச்ராந்தி குறைவு. அவ்வாண்டின் இறுதியிலேயே அந்த முதற்குழு கலைந்துபோயிற்று.

அதற்குள் மெக்லாஃப்ளின் வேறொரு பள்ளியில் சேர்ந்திருந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் உள்ள வெஸ்லியன் சர்வகலாசாலையில், ராபர்ட் பிரௌன் என்ற சங்கீத ஆராய்ச்சியாளரின் முயற்சியால் 1960-களின் தொடக்கத்திலேயே கர்நாடக சங்கீதம் பாடமாகியிருந்தது. வீணை தனம்மாளின் பேரனும், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடருமான டி. ரங்கநாதன் அங்கே மிருதங்கம் கற்பித்தார். அவருடைய சகோதரர் புல்லாங்குழல் விசுவநாதனும், வாய்ப்பாட்டில் ராமநாதபுரம் கிருஷ்ணனும், அவருடைய தம்பி மிருதங்கம் ராகவனும் அங்கே இருந்தவர்கள். டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்ளின் வீணை பயின்றது அங்கேதான். ஒரு சிறு ஊரின் சர்வகலாசாலையில், மயிலாப்பூரிலும்கூட ஒரே தெருவில் கிடைக்காத வித்வான்கள் கூடியிருந்தார்கள்! அங்கேயே ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் பிடில் எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் சங்கீத ஆசிரியராக இருந்த வி. லட்சுமிநாராயணனின் புதல்வர், எல். வைத்தியநாதனுக்கும் எல். சுப்பிரமணியத்துக்கும் இளையவர். 1958-ஆம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

சங்கர், ராகவன் ஆகிய இருவரோடு, அல்லா ரக்கா கானின் புதல்வரான தபலா ஜாகிர் உசேனும், கடம் வித்வான் தேட்டக்குடி ஹரிஹர விநாயகராமும் சேர்ந்தனர். மெக்லாஃப்ளின் பிறந்த அதே 1942-ல் பிறந்த விக்கு விநாயகராம், தாளவாத்தியங்களுக்கென்றே சென்னையில் 1958-ல் ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தை நிறுவிய ஹரிஹர சர்மாவின் மகன். 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவரும் அவரே. வைகைக்கரை மானாமதுரையில் களிமண்ணைப் பதமாகப் பிசைந்து, உலோகத்தூள் சேர்த்து, தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனமாக்கிச் சுட்டெடுக்கும் கடம், தண்ணீர்ப் பானையைப் போலிருந்தாலும் அதனின் வேறுபட்டது. வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அதில் தாழ்ந்த நாதத்தை எழுப்ப விநாயகராமைப் போன்றவர் வேண்டும்.

இந்த ஐவரும் ‘சக்தி’ என்ற பெயரில், 1975 ஜூலை 5-ஆம் தேதி நியூயார்க் மாகாணத்து சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் வாசித்தது அப்படியே பதிவாகி, கொலம்பியா கம்பெனியாரால் 1976-ல் வெளியிடப்பட்டது. மூன்றே உருப்படிகள். முதலாவது ‘ஜாய்’, பதினெட்டு நிமிஷத்துக்குச் சற்று மேல். இரண்டாவது ‘லோட்டஸ் ஃபீட்’, ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. மூன்றாவது, இறைவன் திருவடியில் ஆடுகிறேன் என்று பொருள்படும் மிக நீண்ட தலைப்பும் ஏறத்தாழ இருபத்தொன்பது நிமிஷ நீளமும் உடையது, ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. மின்சாரக் கித்தாரின் முழக்கத்தை எதிர்பார்த்துத் தட்டை வாங்கிய ரஸிகர்களுக்கு அதிர்ச்சியே காத்திருந்தது. மின்சாரம் இல்லை; டிரம்ஸ் இல்லை. மெக்லாஃப்ளினின் கையில் இருந்ததோ, கிப்ஸன் கம்பெனியில் ஏப்ரஹாம் வெக்டர் என்பவர் அவருக்கென்று செய்தளித்த மரக்கித்தார். மெட்டுகளுக்கிடையே பலகையைக் குடைந்து பள்ளமாக்கி, வீணையைப் போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வழிசெய்து, குறுக்கே ஏழு அநுரணனத் தந்திகளையும் அதில் பூட்டியிருந்தார்கள்.

இசைத்தட்டைக் கேட்டுவிட்டு அதன் அங்கங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நடுவில் மெட்டை ஏந்திச் செல்லும் கித்தார், நிழல்போலத் தொடரும் பிடில், பக்கத்தில் மிருதங்கம், கடம், தபலா. தாளவாத்தியங்கள் அடங்கி ஒலிக்கவில்லை. கேள்வி கேட்கின்றன, பதில் சொல்கின்றன, தங்களுக்குள் சண்டையிட்டுக் கோர்வை வைத்து முடிக்கின்றன. இது ஃபுல் பெஞ்ச் அல்லாமல் வேறென்ன? நாயனாப் பிள்ளையின் பெயரை அந்த மேடையில் யாரும் நினைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. குருசீட பரம்பரை அவரிடமிருந்து நேரே அங்கு வந்ததென்றும் நான் வாதிக்கவில்லை. அவர் வற்புறுத்திய நியாயம், தாளம் பாட்டுக்கு ஊழியம் செய்யும் பணியாள் அன்று, சமாசனத்தில் உட்கார வேண்டிய தோழன் என்ற நியாயம், சபாக்களில் தோற்றுப்போய் நாற்பதாண்டுகளுக்குப் பின் அங்கே வென்றது. கீழ்த்திசையும் மேல்திசையும் கலந்த கலவை என்று இந்தத் தட்டைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. அதில் மேல்திசையிலிருந்து வந்தது வாத்தியமும் வாசிப்பவரும், சட்டம் நம்முடையது.

வியாபாரத்தில் அது மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் அருகே வரவில்லை. ராகவன் விலகிய பின் நால்வராக ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ என்று மேலும் இரண்டு தட்டுகளை 1977-ல் தந்துவிட்டுக் குழு பிரிந்தது. அவை செப்பமானவை, சுருக்கமானவை. ஆனால் முதற்தட்டின் துணிச்சல் அவற்றில் இல்லை என்பதே என் தீர்ப்பு. ப்ரோக்ரெஸிவ் ராக்கோ சக்தியை மறக்கவில்லை: ஜெனஸிஸ் குழுவின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியல், தாம் 1989-ல் வெளியிட்ட ‘பேஷன்’ இசைத்தட்டுக்குச் சங்கரின் பிடிலை நாடினார். ராக் உலகத்து டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ தட்டில் வாசித்த விநாயகராமும் ஜாகிரும், உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதில் பங்குபெற்றார்கள். 1997-க்குப் பின் குழு புத்துயிர் பெற்று, மாண்டலின் ஸ்ரீநிவாஸும், விநாயகராமின் மகன் செல்வகணேஷும், சங்கர் மகாதேவனும் அதில் சேர்ந்தனர். 2023-ல் வெளிவந்த ‘திஸ் மொமென்ட்’ தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

செல்வகணேஷோடு சேர்ந்து மெக்லாஃப்ளின் கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒரு பாடப்படமும் எடுத்திருக்கிறார். அயல்நாட்டு டிரம்ஸ் மாணவர்கள் அதைப் பார்த்துத் தகதகிட சொல்லிப் பழகுகிறார்கள். காஞ்சிபுரத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உற்சவக் கச்சேரிக்குப் போனால் கொன்னக்கோல்காரரைக் காண்பது இன்று அரிது. இவ்விரு ஊர்களிலும், வல்லக்கோட்டையிலும் கச்சேரிகள் ஏற்பாடு செய்யும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆண்டுக்கு ஒரு கச்சேரியேனும் ஃபுல் பெஞ்சாக வையுங்கள், அதில் திருப்புகழ் ஒன்றை அதன் சொந்தச் சந்தத்தில் பாடச் செய்யுங்கள், கொன்னக்கோலுக்கு ஒரு மைக்கும் ஓர் ஆசனமும் கொடுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்து போகும் வழக்கத்தை ரஸிகர்கள் அன்றொரு நாளாவது நிறுத்தி வைக்கலாம்.